பள்ளி நண்பர்கள் குரூப்பில் அரசியல்: தடை போட்டால் அடங்குமா?

டெல்டாக்காரன் கேட்டது:

96ல் பிளஸ் டூ முடித்த எங்கள் பேட்சுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. 84 பேர், அட்மின் நான். தஞ்சாவூர் மாவட்டத்துப் பள்ளி. ஊரிலேயே விவசாயம் பார்ப்பவர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், வாத்தியார்கள், சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று சிதறிக் கிடக்கிறோம். காலை வணக்கம், பிள்ளைகளின் மார்க், யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் அந்தச் செய்தி, இப்படித்தான் பல வருடம் போய்க்கொண்டிருந்தது. தேர்தல் வந்தால் சூடாகும், முடிந்தால் ஆறிவிடும். இப்போதெல்லாம் ஆறுவதே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு வகுப்புத் தோழன் ஒருவன், 'அம்மா தவறிட்டாங்க, நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறோம்' என்று போட்டான். அந்த நேரத்தில் இரண்டு பேர் தங்கள் தங்கள் தலைவருக்காக மீம் போட்டு மோதிக்கொண்டிருந்தார்கள், கூடவே ஒரு பத்துப் பேர் கைதட்டிக்கொண்டு. அவன் செய்திக்கு மேலே நாற்பது, கீழே நூறு. அதற்கு நேர் கீழே சிரித்துக் கண்ணீர் விடுகிற பொம்மை மூன்று. போட்டவன் மேலே இருந்த மீமுக்குத்தான் போட்டான், எனக்குத் தெரியும். அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு ஃபோனைப் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நானே மறுநாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் பார்த்தேன், ஏனென்றால் குரூப்பை மியூட்டில் போட்டிருந்தேன். அட்மினே மியூட்டில். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்த அம்மா கையால் சாப்பிட்டவர்கள். உள்ளூரில் இருபது பேருக்கு மேல் இருக்கிறோம், சாவுக்குப் போனது நாலு பேர். புதன்கிழமை சாயங்காலம் அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான்.

வேடிக்கை என்னவென்றால் நாங்கள் பிளஸ் டூ முடித்த வருடமே தேர்தல் வருடம். மூப்பனார் தனிக்கட்சி தொடங்கி சைக்கிள் சின்னத்தில் நின்றது, பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றது எல்லாம் அப்போதுதான். அன்றைக்கு நாங்கள் பேசாத பேச்சில்லை, சட்டையைப் பிடித்திருக்கிறோம், ஆனால் சாயங்காலம் ஒரே சைக்கிளில் இரண்டு பேராக வீட்டுக்குப் போனோம். இப்போது அதே ஆட்கள் அப்படி இல்லை.

கேள்வி இதுதான். அரசியலே கூடாது என்று ஒட்டுமொத்தமாகத் தடை போடலாமா? இல்லை, அதற்கென்று தனி குரூப் தொடங்கி அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள் என்று விடலாமா? இல்லாவிட்டால் அட்மின் மட்டும் செய்தி போடுகிற மாதிரி பூட்டிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ரொம்ப நல்லவர்களாக இருந்து அறிவுரை மட்டும் சொல்கிறவர்கள் மன்னிக்கவும்.

---

கிளாஸ் டீ:

எங்கள் தாத்தா கும்பகோணம் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார். சுவரில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று போர்டு, எல்லா ஊரிலும் எல்லா டீக்கடையிலும் சலூனிலும் இருந்ததே, அதே போர்டுதான். போர்டுக்கு நேர் கீழே பெஞ்சு, பெஞ்சில் தினத்தந்தி, ஒருத்தர் சத்தமாகப் படிப்பார், எட்டுப் பேர் கேட்பார்கள். படிப்பது எல்லாம் அரசியல்தான், வேறென்ன. தமிழ்நாட்டில் திராவிடக் கட்சி வளர்ந்ததே முடிதிருத்தகத்திலும் டீக்கடையிலும் படிப்பகத்திலும் கட்சிப் பத்திரிகை படித்துத்தானே, அந்த இடத்தில் போய் அரசியல் பேசாதே என்றால் எப்படி.

அப்புறம் போர்டு எதற்கு என்றால், தாத்தா அதைத் தொடவே மாட்டார். பேச்சு பேச்சாக இருக்கிற வரைக்கும் டீ ஆற்றிக்கொண்டிருப்பார். எவனாவது எழுந்து நின்றுவிட்டால், அதாவது பெஞ்சை விட்டு எழுந்து நின்று பேச ஆரம்பித்தால், கரண்டியால் போர்டைக் காட்டுவார். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் மரியாதை போகாமல் உட்கார ஒரு சாக்கு. ஆக, விதி எழுதி வைப்பது பெரிய வேலை இல்லை, கடையில் ஆள் இருக்க வேண்டும். உங்கள் கடையில் முதலாளி மியூட்டில் இருந்திருக்கிறார், தப்பாக நினைக்காதீர்கள்.

---

ஏ பிளாக்:

தடை போட்டுப் பார்த்தவன் நான். 120 வீடு இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு, சங்கத்துச் செயலாளர் என்கிற முறையில் 'அரசியல், மதம், சாதி பேசக்கூடாது' என்று போட்டேன். எல்லாரும் கும்பிடு போட்டு வரவேற்றார்கள். முதல் வாரமே ஒருத்தர் தெருவில் சாக்கடை வழிகிறது என்று படம் போட்டார், கவுன்சிலர் பெயரைச் சொன்னார். இன்னொருத்தர், இது அரசியல், நீக்குங்கள் என்றார். அவர் அந்தக் கட்சி. சரி என்று பெயரை மட்டும் எடுக்கச் சொன்னேன், முதலாமவர் என்னையும் அந்தக் கட்சி என்றார்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தது. கேஸ் விலை ஏறியதைச் சொன்னால் அரசியலா? பிளஸ் டூ படிக்கிற பிள்ளையின் அம்மா நீட் கோச்சிங் எங்கே நல்லது என்று கேட்டால், அதற்குக் கீழே நீட்டே வேண்டாம் என்று சட்டமன்றத்தில் 2021ல் மசோதா நிறைவேற்றினார்களே என்று ஒருத்தர் எழுதினால், அது தகவலா, அரசியலா? நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்கு இன்னும் கஷ்டம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறப்பார்களா என்று கேட்பது விவசாயம். திறக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பது அரசியல். காவிரியில் கர்நாடகா வருடத்துக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் சொன்னதே, வந்ததா என்று கேட்டால்? ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் எங்கே கோடு போடுவீர்கள்?

இரண்டு வருடம் நடுவராக இருந்து வெறுத்துப் போய்ச் செயலாளர் பதவியையே விட்டேன். தனி குரூப்பும் தொடங்கினோம், அது வேறு கதை. ஒரே கட்சிக்காரர்கள் பதினெட்டுப் பேர் மட்டும் போய்ச் சேர்ந்தார்கள், எதிராளி இல்லாமல் போரடித்துப் பழைய குரூப்புக்கே திரும்பி வந்துவிட்டார்கள்.

---

கடைசி பெஞ்சு:

குரூப்பைக் கலைத்துவிடுங்கள். நண்பன் என்றால் ஃபோன் நம்பர் இருக்கும், நம்பர் இல்லாதவன் நண்பன் இல்லை.

---

மூன்றாவது வரிசை:

எல்லாரும் அரசியல் என்றால் கட்சி என்றே பேசுகிறீர்கள். எங்கள் கல்லூரி குரூப்பிலும் 'அரசியல் வேண்டாம் நண்பர்களே' என்று விதி இருக்கிறது. ஆதிக்கச் சாதித் தலைவர் ஒருவரின் ஜெயந்திக்கு, கையில் வாளோடு படம் போட்டு, 'ஆண்ட பரம்பரை' என்று எழுதி வாழ்த்து வந்தது. முப்பது பேர் கும்பிட்டார்கள். அது வாழ்த்து. நான் டிசம்பர் 6ஆம் தேதி அம்பேத்கர் நினைவு நாளுக்கு ஒரு படம் போட்டேன், ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, படம் மட்டும். பத்து நிமிடத்தில் அட்மின், 'இங்கே அரசியல் வேண்டாமே தோழி' என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணுக்கு முதல் படம் ஊர் வழக்கம், இரண்டாவது படம் அரசியல். அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அதனால் தடை போடப் போகிற அட்மின்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: போன ஆறு மாதத்தில் நீங்கள் யாரை எல்லாம் நிறுத்தச் சொன்னீர்கள் என்று மேலே தள்ளிப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கமாக இருந்தால் உங்களிடம் இருப்பது விதி இல்லை.

இன்னொன்று, பெண்கள். உங்கள் 84 பேரில் எத்தனை பெண்கள், அதில் எத்தனை பேர் வாயைத் திறக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா டெல்டாக்காரன் சார்? நான் ஒருமுறை பெண்களுக்கு இலவசப் பேருந்து பற்றி ஒரு கருத்து எழுதினேன். குரூப்பில் யாரும் பதில் சொல்லவில்லை. தனிச் செய்தியில் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தர், 'உனக்கு ஏம்மா இதெல்லாம்' என்று அன்பாக. இன்னொருத்தர், வீட்டுக்காரர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று. மூன்றாவது ஆள் எழுதியதை இங்கே எழுத முடியாது. சண்டை போடுகிற ஆண்களுக்கு யாரும் தனியாக வந்து புத்தி சொல்வதில்லை.

---

கோர்ட்டு வாசல்:

சட்டப்படி அட்மின் எவ்வளவு மாட்டுவார் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் பயந்துபோய்த்தான் தடை போடுகிறார்கள். உறுப்பினர் ஒருவர் தப்பாக ஒன்றைப் போட்டதற்காக மட்டும் அட்மினைப் பிடிக்க முடியாது. பாம்பே உயர் நீதிமன்றம் 2021லும் கேரள உயர் நீதிமன்றம் 2022லும் இதைச் சொல்லியிருக்கின்றன. அவரும் சேர்ந்து திட்டம் போட்டிருந்தால் வேறு விஷயம்.

ஆனால் போட்டவர் மாட்டுவார். 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பது தப்பிக்கும் வழி இல்லை. நடிகர் எஸ்.வி. சேகர் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? பெண் பத்திரிகையாளர்களை இழிவாகப் பேசிய ஒரு பதிவை 2018ல் முகநூலில் பகிர்ந்தார், இன்னொருத்தர் எழுதியது, படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுப்பியவர் அதன் விளைவுக்கும் பொறுப்பு என்பதுதான் சாரம், உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. உங்கள் குரூப்பில் வாத்தியார்கள் இருக்கிறார்கள் என்கிறீர்கள். அரசு ஊழியர்களுக்கு 1973 நடத்தை விதிகள் இருக்கின்றன, கட்சிப் பிரசாரம் அவர்களுக்கு ஆகாது. எவனாவது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினால் போதும். அனுப்புவது எப்போதும் நெருங்கிய ஆள்தான், இது என் அனுபவம்.

அதனால் என் யோசனை, அரசியலைத் தடுக்காதீர்கள், ஃபார்வர்டைத் தடுங்கள். வாட்ஸ்அப்காரனே இதைத்தானே செய்தான். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வதந்தி பரவி ஆட்களை அடித்தே கொன்ற 2018ல், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தான். 2020ல், பலமுறை கைமாறி வந்தது என்று காட்டுகிற இரட்டை அம்பு விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றான். பேசாதே என்று யாரையும் சொல்லவில்லை, வேகத்தைக் குறைத்தான். நீங்களும் அந்த இரட்டை அம்பு வந்தால் நீக்குங்கள், எந்தக் கட்சி என்று பார்க்கவே வேண்டாம், அட்மின் யார் செய்தியையும் எல்லாருக்கும் நீக்கலாம் என்று 2022லிருந்து வசதி இருக்கிறது. ஏ பிளாக் சார் கேட்ட கோடு எங்கே என்கிற கேள்விக்கும் இது கொஞ்சம் பதில். அரசியலா இல்லையா என்பதற்குத்தான் நடுவர் வேண்டும், அம்பு இருக்கிறதா இல்லையா என்பதற்குக் கண் இருந்தால் போதும்.

---

ஏ பிளாக்:

அம்பு விஷயம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஓட்டை இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார்கள். அம்பு விழாது.

---

கோர்ட்டு வாசல்:

உண்மைதான். அப்போ இப்படி வைத்துக்கொள்ளுங்கள், அரசியல் என்றால் சொந்தமாகத் தட்டச்சு செய்ததுதான், படம், வீடியோ, மீம் எதுவும் கிடையாது. தமிழில் நாலு வரி தட்டுவதற்குள் பாதிப் பேருக்குக் கோபம் போய்விடும்.

---

பனை நிழல்:

நான் டொரோண்டோவில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்தில் ஓ.எல். (உங்களுடைய பத்தாம் வகுப்பு மாதிரி) படித்த ஆக்களின் குரூப். உங்களுடைய பிரச்சினையும் எங்களுடையதும் ஒன்றில்லை, ஆனாலும் சொல்கிறேன். மே 18, அதாவது 2009ல் முள்ளிவாய்க்கால் போரில் செத்த சனத்தின் நினைவு நாள் வந்தால், கனடா, லண்டன், பாரிஸில் இருக்கிற நாங்கள் விளக்குப் படம், அந்தப் போரில் சனம் குடித்த கஞ்சியின் நினைவாகக் கஞ்சிப் படம், அதோடு புலிகள் இயக்கத்துப் படங்களும் போடுவோம். எங்களுக்கு அது துக்கம். ஊரில் இருக்கிற வகுப்புத் தோழர்கள் ஒன்றும் கதைக்க மாட்டார்கள். அவங்களுக்கு உணர்வில்லை என்று எங்கட ஒருத்தர் எழுதியே விட்டார். பிறகு ஊரில் இருந்து ஒருவன் எனக்கு எடுத்துச் சொன்னான்: மச்சான், நீங்கள் போடுற படம் என்ர ஃபோனுக்குள்ளும் விழுது, சோதனைச் சாவடியில ஃபோனைக் கேட்டா நான் என்ன சொல்லுறது?

அதுவரைக்கும் அது எங்கள் மண்டைக்குள் ஏறவில்லை. முகநூலில் போட்ட படத்துக்காகவே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆக்களைப் பிடித்த நாடு. 2024 மே மாதம் திருகோணமலைப் பக்கம் சம்பூரில் அந்தக் கஞ்சி கொடுத்ததற்காக நாலு பேரைப் பிடித்தார்கள், அதில் மூன்று பேர் பெண்கள். நாங்கள் பனிக்குள் இருந்துகொண்டு வீரம் பேசுவதற்கு விலை கொடுப்பது அவங்கள்.

இப்போது எங்கள் குரூப்பில் ஒரேயொரு வழக்கம். எதைப் போடலாம் என்று முடிவெடுப்பது ஊரில் இருப்பவர்கள், வெளியில் இருக்கிற எங்களுக்கு அதில் வாக்கில்லை. சிலருக்குக் கோபம்தான், இரண்டு பேர் விலகியும் போய்விட்டார்கள். உங்கள் குரூப்பிலும் சிங்கப்பூர், துபாய் என்கிறீர்கள். சத்தம் போடுவது யார், அதனால் அடுத்த நாள் டீக்கடையில் முகம் பார்க்க முடியாமல் நிற்பது யார் என்று ஒருக்கால் பாருங்கள்.

---

மூன்றாவது வரிசை:

பனை நிழல், இது எனக்குப் புதிது. ஆனால் ஊரில் இருப்பவர்கள் முடிவெடுத்தால் எங்கள் விஷயத்தில் ஊர் வழக்கமே ஜெயிக்கும். அம்பேத்கர் படம் வாரம் ஒருமுறை நீக்கப்படும். எல்லா இடத்துக்கும் சரிவராது.

---

பனை நிழல்:

ஓம், அது உண்மை. அங்கு யாருக்குப் பயமோ அவங்களைக் கேட்கவேணும் என்றுதான் நான் சொல்லியிருக்க வேணும்.

---

கிளாஸ் டீ:

டெல்டாக்காரன், ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. விதி எல்லாம் மீதி 83 பேருக்கு. வெளியே போனவருக்கு என்ன செய்தீர்கள்? அவரிடம் பேசினீர்களா?

---

டெல்டாக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவது வரிசை சொன்னபடி ஆறு மாதத்துக்கு மேலே தள்ளிப் பார்த்தேன். நான் 'அரசியல் வேண்டாம்பா' என்று எழுதியது ஒன்பது முறை. அதில் எட்டு எனக்குப் பிடிக்காத கட்சியின் பதிவுக்குக் கீழே. நான் நடுநிலையான ஆள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது நம்ம கட்சிதான், ஆனால் அது ரொம்ப ஆபாசமாக இருந்தது. பெண்கள் பதினேழு பேர், ஆறு மாதத்தில் எழுதியது நாலு பேர், அதுவும் பிறந்தநாள் வாழ்த்து.

தடை போடவில்லை. ஃபார்வர்டு, படம், வீடியோ இல்லாமல் சொந்தமாகத் தட்டுவது மட்டும் என்று போட்டேன். சாதித் தலைவர்கள் வாழ்த்துப் படமும் இதில் சேரும் என்று தனியாக எழுதினேன், அதற்குத்தான் பெரிய சண்டை, மூன்று பேர் போய்விட்டார்கள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். அம்பேத்கர் படமும் இதே கணக்கில் போய்விடுமே என்று உங்களுக்குத் தோன்றும் தோழி. படம் போடாமல் நாலு வரி எழுதட்டும், யாராவது அரசியல் வேண்டாம் என்றால் நான் வந்து நிற்கிறேன், அவ்வளவுதான் இப்போதைக்குத் தெரிகிறது. சாவு, கல்யாணம், ரத்தம் இந்த மூன்றுக்கும் அட்மின் மட்டும் போடுகிற தனி குரூப், அதை யாரும் மியூட் செய்யக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரிலிருந்து ஒரு பெண்ணையும் சிங்கப்பூரிலிருந்து ஒருத்தனையும் அட்மினாகச் சேர்த்தேன், நான் தூங்குகிற நேரத்தில் அவன் முழித்திருப்பான் என்று பார்த்தால் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், அதை யோசிக்கவில்லை.

கோர்ட்டு வாசல் சொன்ன மாதிரியே நடந்தது. ஒரு நாளைக்கு இருபது மீம் போடுகிறவன் இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள், 'ஆத்துல தண்ணி வந்தா சொல்லுங்கடா, நாத்து விடணும்' என்று தட்டியிருந்தான், நாலு எழுத்துப் பிழையோடு. அவன் இப்படி எழுதுவான் என்பதே மறந்துபோயிருந்தது.

கிளாஸ் டீ, அவனிடம் இன்னும் பேசவில்லை. இரண்டு முறை ஃபோன் எடுத்தேன், என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன், கூட ஆறு பேர் வருகிறார்கள், மீம் போட்ட இரண்டு பேரும்.

---

கிளாஸ் டீ:

பதினாறாம் நாள் கருமாதி என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அதற்கும் இதே ஏழு பேர் காலையிலேயே போய், பந்தல் போடுகிற வேலையிலிருந்து நில்லுங்கள்.